விதியா, ஆளா? ஆலன் பேஜ் என்ற தற்காப்பு வீரர்: ஒரு நிகழ்வு ஆய்வு

1978ஆம் ஆண்டு அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி தன் தற்காப்பு வரிசையின் நடு ஆட்டக்காரர் ஒருவரை விடுவித்தது. அப்படி விடுவிக்கப்பட்ட வீரரை எடுத்துக்கொள்ள விரும்பும் அணி அன்று கட்ட வேண்டிய தொகை 100 டாலர். சிகாகோ பேர்ஸ் அணி அதைக் கட்டி அவரை அழைத்துக்கொண்டது. அவருக்கு அப்போது வயது 33. அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகில் பந்தை எறிபவர்களுக்கும் ஏந்தி ஓடுபவர்களுக்கும் மட்டுமே போய்க்கொண்டிருந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை முதன்முதலாகப் பெற்ற தற்காப்பு வீரர் அவர்தான். அதே 1978இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டத்தையும் முடித்திருந்தார். அவரை அனுப்பியதற்கு அணியின் தரப்பில் சொல்லப்பட்ட காரணம், உடல் எடை குறைந்துபோய் முன்போல ஆட முடியவில்லை என்பது.

ஆலன் பேஜின் வாழ்க்கையை, ஆட்டக்காரர் ஒருவர் நீதிபதியாக உயர்ந்த வியப்புக் கதையாகச் சொல்வதே வழக்கம். அந்த வழியில் சொன்னால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் இரு வேறு மனிதர்களுடையவை போலத் தோன்றும். அவர் மூன்று முறை அதிகாரத்தோடு மோதியிருக்கிறார்: லீகின் ஆணையரோடு, தம் பயிற்சியாளரோடு, மாநில ஆளுநரோடு. இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. ஒருவருடைய இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது எழுதிவைத்த விதியா, நாற்காலியில் இருப்பவரின் விருப்பமா என்பதே அது. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

கேன்டனில் தொடங்கியது

பேஜ் 1945 ஆகஸ்ட் 7 அன்று ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். எஃகு ஆலைகளின் ஊர் அது. கருப்பினக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு அந்த ஊரில் காத்திருந்த வேலை பெரும்பாலும் உலைக்கூடத்தில்தான் இருந்தது; அதற்குள் போவதில்லை என்று இளம் வயதிலேயே தீர்மானித்துவிட்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது எட்டு. சட்டம் என்பது எளியவர்களுக்கும் உதவக்கூடிய ஒன்று என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பிலிருந்தே தமக்கு வந்தது என்பது அவருடைய நினைவு. 13 வயதில் தாயை இழந்தார்.

அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மண்டபம் எழுந்ததும் இதே கேன்டனில்தான். அதன் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பள்ளி மாணவராக இருந்த பேஜ் அங்கே கூலி வேலை செய்தார். 25 ஆண்டுகள் கழித்து, 1988இல், அதே கட்டடத்துக்குள் அவருடைய மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. புனைகதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் வலிந்து திணித்ததாக வாசகர் முகம் சுளிப்பார்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 1966இல் அந்த அணி தேசிய வாகையர் பட்டம் பெற்றதில் அவருக்குப் பங்கு உண்டு. கல்லூரி வீரர்களை லீகின் அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1967இல் வைக்கிங்ஸ் அணி முதல் சுற்றில், மொத்த வரிசையில் 15ஆவது தேர்வாக அவரை எடுத்தது. கல்லூரியில் ஓரத்தில் ஆடியவரை நடுவுக்கு மாற்றியதுதான் அணி எடுத்த முக்கியமான முடிவு.

முதல் அடி

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்பது அடிப்படை. நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் கொடுக்க, குவார்ட்டர்பேக் அதை வாங்கி எறிகிறார் அல்லது ஓடுபவர் கையில் திணிக்கிறார். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர் போல நின்று காக்கிறார்கள். அந்தச் சுவரின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே, புல்லில் கை ஊன்றிக் குனிந்திருப்பவரே டிஃபென்சிவ் டேக்கிள். சுவரை உடைத்துக்கொண்டு போய், பந்து கையை விட்டுப் போவதற்கு முன் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அதற்குச் சாக் என்று பெயர்.

இந்த இடத்தில் ஆடுபவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது எடையும் பலமும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராமல் நிற்பவரே நல்ல டேக்கிள் என்று கருதப்பட்ட காலம் அது. பேஜ் ஆறடி நான்கங்குல உயரம், சுமார் 111 கிலோ எடை. அந்த இடத்துக்கு அது பெரிய உடம்பு இல்லை. அவருடைய பலம் முதல் அடியில் இருந்தது. பந்து அசைந்த அதே கணத்தில் அவர் கிளம்பிவிடுவார். எதிரே இருப்பவர் குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்து கைகளை முன்னால் கொண்டுவருவதற்குள் பேஜின் தோள் அவருடைய விலாவைத் தாண்டியிருக்கும். அதன் பிறகு தள்ளுவதற்கு அங்கே ஆள் இல்லை. பந்து அசைவதற்கு முன் கோட்டைத் தாண்டினால் ஐந்து கெஜம் அபராதம் என்பதால், கண் இமைக்கும் நேரத்தில் பாதிதான் இந்த உத்திக்கு இடம் தருகிறது. விதியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதை உடம்பால் அறிந்து, அதைத் தாண்டாமல் அதன் மீதே நிற்கும் திறமை என்று இதைச் சொல்லலாம்.

பேஜ், கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகிய நால்வரும் சேர்ந்து அமைந்த வரிசையை, அணியின் ஊதாச் சீருடையை வைத்து, ஆள்தின்னும் ஊதா மனிதர்கள் என்ற பொருள்பட ரசிகர்கள் அழைத்தார்கள். 1969 பருவத்தின் 14 ஆட்டங்களில் அந்த அணி விட்டுக்கொடுத்தது மொத்தம் 133 புள்ளிகள், அதாவது ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துக்கும் குறைவு. அடுத்த இரு பருவங்களிலும் அவர்களைவிடக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணி லீகில் இல்லை. 1971இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கும் மிகச் சிறந்த வீரர் விருது பேஜுக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு தற்காப்பு வீரர் அதைப் பெற 1986 வரை, லாரன்ஸ் டெய்லர் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பருவத்தின் முடிவு வைக்கிங்ஸுக்குக் கசப்பானது. கிறிஸ்துமஸ் அன்று நடந்த வெளியேற்றச் சுற்றில் டல்லஸ் கௌபாய்ஸிடம் 20-12 என்று தோற்றார்கள். அந்த 12 புள்ளிகளில் இரண்டு, பேஜ் எதிரணியின் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக்கை அவருடைய சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே சாய்த்ததால் கிடைத்தவை. பேஜ் இருந்த காலத்தில் வைக்கிங்ஸ் நான்கு முறை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போய் நான்கிலும் தோற்றது: கேன்சஸ் சிட்டியிடம் 23-7, மயாமியிடம் 24-7, பிட்ஸ்பர்க்கிடம் 16-6, ஓக்லந்திடம் 32-14. இந்தத் தோல்விகளைத் தம் வாழ்க்கையின் அளவுகோலாகக் கொள்ள அவர் ஒருபோதும் உடன்படவில்லை. ரசிகர்களில் பலருக்கு அது இன்றும் உறுத்தலாக இருக்கிறது. ஆட்டம் அவருக்கு ஒரு வேலை. நன்றாகச் செய்ய வேண்டிய வேலை. வேலைதான் என்று நினைத்ததாலேயே வேலை நிபந்தனைகளைப் பற்றியும் அவர் யோசித்தார்.

ஆணையரின் கையில் இருந்த கயிறு

1970களின் பெரும்பகுதியில் பேஜ் வீரர் சங்கத்தில் தம் அணியின் பிரதிநிதியாகவும், சில ஆண்டுகள் அதன் செயற்குழு உறுப்பினராகவும் இருந்தார். அக்காலத்தில் லீகின் ஆணையராக இருந்தவர் பீட் ரொசெல். அவர் பெயராலேயே ரொசெல் விதி என்று அழைக்கப்பட்ட ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்து அவர் வேறு அணியில் சேர்ந்தால், புதிய அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். இரு அணிகளும் உடன்படாவிட்டால் எந்த வீரரை, எந்தத் தேர்வு உரிமையை ஈடாகக் கொடுப்பது என்பதை ஆணையர் ஒருவரே முடிவு செய்வார். காகிதத்தில் வீரர் சுதந்திரமானவர். தன்னிடமிருந்து என்ன பறிக்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில் எந்த அணி அவரைத் தொடும்? கூலி ஏறாமல் இருக்க இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

ஜான் மேக்கி என்ற வீரர் முதன்மை வாதியாக இருந்து லீகுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் பேஜும் வாதிகளில் ஒருவர். மினசோட்டாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஏர்ல் லார்சன், இந்த விதி ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1975 டிசம்பர் 30 அன்று தீர்ப்பளித்தார். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி சட்டத்துக்கு மாறானது என்பதை உறுதி செய்தது. வீரர்களின் முழுமையான இடம்பெயர் சுதந்திரம் 1993 வரை வரவில்லை என்பதால் அந்த வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு மனிதரின் தனி விருப்பத்தில் தொங்கிய விதியை எழுத்துச் சட்டத்தின் முன் நிறுத்த முடியும் என்பதை பேஜ் வாதியாக இருந்து கண்ணால் கண்டார். ஏற்கெனவே ஒருமுறை சட்டக் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களிலேயே விட்டு வந்தவர் அவர். இதே காலத்தில் மறுபடி சேர்ந்து, ஆடிக்கொண்டே படித்து முடித்தார்.

எடைக் கருவி

இப்போது 1978க்குத் திரும்பலாம். பேஜின் மனைவி டயேன், புகைப்பதை விடுவதற்காக ஓடத் தொடங்கியிருந்தார். துணைக்கு ஓடப் போன பேஜுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அன்றைய கால்பந்து வீரர்கள் நெடுந்தூரம் ஓடுவதில்லை. அது தசையைக் கரைக்கும் என்பது பயிற்சியாளர்களின் நம்பிக்கை. பேஜின் எடை 102 கிலோ அளவுக்கு இறங்கியது. தலைமைப் பயிற்சியாளர் பட் கிராண்டுக்கும் அவருக்கும் இடையே உறவு அதற்கு முன்பே கசந்திருந்தது.

இந்த இடத்தில் கிராண்டை வில்லனாக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. எதிரணி பந்தை ஏந்திக்கொண்டு நடுவில் இடித்து ஓடும்போது, 102 கிலோ டேக்கிளை இரண்டு பேர் சேர்ந்து பின்னுக்குத் தள்ளிவிட முடியும் என்பது கற்பனைக் கவலை இல்லை. வயதும் 33. அணியின் கணக்கில் அது நியாயமான முடிவாகவே இருந்திருக்கும். ஆனால் சிகாகோவில் நடந்ததையும் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே தற்காப்புக்குப் பொறுப்பாக இருந்த பட்டி ரயன், வைக்கிங்ஸில் பேஜுக்குப் பயிற்சி அளித்தவர். அந்த உடம்பால் என்ன முடியும் என்று அறிந்தவர். சிகாகோவுக்காக ஆடிய 58 ஆட்டங்களில் பேஜ் 40 சாக் எடுத்ததாக அதிகாரபூர்வமற்ற கணக்கு சொல்கிறது. எடை குறைந்த ஆள் ஓட்டத்தைத் தடுப்பதில் பலவீனமானாரா என்பதற்கு இந்த எண் பதில் சொல்லாது. எறிபவரைப் பிடிப்பதில் அவர் முடிந்துபோனவர் இல்லை என்பதை மட்டும் ஐயமின்றிச் சொல்கிறது.

அதிகாரபூர்வமற்ற என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் தேவை. லீக் சாக்கை எண்ணத் தொடங்கியது 1982இல். பேஜ் ஆட்டத்தை விட்டது 1981 பருவத்தோடு. ஆகவே பழைய ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அவருக்குக் கணக்கிட்டிருக்கும் 148.5 என்ற எண் லீகின் சாதனைப் பட்டியலில் இடம் பெறாது. பட்டியலில் ஐயமின்றி நிற்பது வேறொன்று: 15 பருவங்களில் 218 ஆட்டங்கள், வைக்கிங்ஸில் 160, சிகாகோவில் 58, ஒன்றைக்கூடத் தவறவிடாமல்.

1979இல் அவர் மராத்தான் ஓடி முடித்தார். களத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்த முதல் தேசிய லீக் வீரர் அவர். ஓட்டம் அவரை விட்டுப் போகவே இல்லை. பின்னாளில் ட்வின் சிட்டீஸ் மராத்தான் மினியாபொலிஸில் தம் வீட்டருகே கடந்துபோகும் நாளில், சூசஃபோன் எனும் பெரிய பித்தளை ஊதுகருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரம் நின்று, ஓடுபவர்களுக்காக ஊதுவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

ஆட்டம் அவருடைய உடம்பில் விட்டுப்போன அடையாளம் கையில் இருக்கிறது. பலமுறை மூட்டு விலகிய சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் பக்கவாட்டில் செங்கோணமாக நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளிகளுக்குப் போனால் குழந்தைகள் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த விரலை வைத்தே தம் மகளோடு சேர்ந்து ஒரு குழந்தைகள் புத்தகமும் எழுதினார். எல்லாருக்கும் சேதம் விரலோடு நிற்கவில்லை. அதே வைக்கிங்ஸ் தற்காப்பில் சில ஆண்டுகள் அவரோடு ஆடிய ஃப்ரெட் மெக்நீல் என்பவரும் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். நடுவயதிலேயே நினைவு குன்றி, 63 வயதில் 2015இல் இறந்தார். தொடர்ந்து தலையில் விழும் அடிகளால் வரும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது பிரேதப் பரிசோதனையில் உறுதியானது. ஒரே களம், ஒரே தொழில். இரண்டு வாழ்க்கைகளும் இப்படிப் பிரிந்ததற்கு உழைப்பையோ ஒழுக்கத்தையோ காரணமாகக் காட்ட முடியாது.

ஆளுநரின் நீட்டிப்பு

ஆட்டத்தை விட்ட பிறகு பேஜ் 1985 முதல் மினசோட்டா அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கான வழி வெளிப்பார்வைக்கு நேரானது: மாநில அரசமைப்பின்படி நீதிபதிகளை மக்கள் ஆறாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமுறை வேறு. ஓய்வு பெற நினைக்கும் நீதிபதி பதவிக்காலத்தின் நடுவிலேயே விலகுவார். காலியிடத்தை ஆளுநர் நிரப்புவார். அப்படி அமர்ந்தவர், பதவியில் இருப்பவர் என்ற முத்திரையோடு அடுத்த தேர்தலில் நிற்பார். அவரைத் தோற்கடிப்பது அரிது. தேர்தல் என்ற சொல் அரசமைப்பில் இருந்தது, தேர்வு ஆளுநரின் மேசையில் நடந்தது.

1992இல் லாரன்ஸ் யெட்கா என்ற நீதிபதியின் இடத்துக்குத் தேர்தல் வர வேண்டியிருந்தது. பேஜ் போட்டியிட ஆயத்தமானார். ஆளுநர் ஆர்ன் கார்ல்சன், நீதிபதிகளின் ஓய்வூதியம் தொடர்பான சட்டப் பிரிவு ஒன்றைக் கொண்டு யெட்காவின் பதவிக்காலத்தை நீட்டித்தார். விளைவு, அந்த ஆண்டு தேர்தல் இல்லை. பேஜ் வழக்குத் தொடுத்தார். தங்கள் சக நீதிபதியின் பதவியைப் பற்றிய வழக்கை அதே நீதிமன்றத்தார் விசாரிப்பது முறையாகாது என்பதால் மாற்று நீதிபதிகள் அமர்ந்து கேட்டார்கள். தேர்தல் நடந்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பேஜ் நின்றார், வென்றார். 1993 ஜனவரியில் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தின் முதல் கருப்பின நீதிபதியாகப் பதவியேற்றார்.

ஆட்டக்காரர் என்ற புகழ் அவருக்கு வாக்கு வாங்கித் தந்ததா என்று கேட்டால், தந்தது என்றே சொல்ல வேண்டும். நீதிபதி வேட்பாளர்களின் பெயரே வாக்காளர்களுக்குத் தெரியாத தேர்தலில் பேஜின் பெயரைத் தெரியாதவர் மாநிலத்தில் இல்லை. அந்தப் புகழால் மட்டும் வழக்கில் வென்றிருக்க முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. 1998, 2004, 2010 தேர்தல்களிலும் வென்று, கட்டாய ஓய்வு வயதான 70 வரை, 2015 ஆகஸ்ட் வரை, அவர் அந்த இருக்கையில் இருந்தார்.

அந்தக் காலத்தில் அவர் முன் வந்த ஒரு வழக்கு இந்த ஆய்வின் கேள்விக்கு நெருக்கமானது. 2008இல் அமெரிக்க செனட் தேர்தலில் நார்ம் கோல்மனும் ஆல் ஃப்ராங்கனும் மிக நெருங்கிய வாக்குகள் பெற்று, மறுஎண்ணிக்கையும் வழக்குமாக எட்டு மாதங்கள் இழுத்தன. தலைமை நீதிபதியும் இன்னொரு நீதிபதியும் வாக்குச் சரிபார்ப்புக் குழுவில் இருந்ததால் வழக்கிலிருந்து ஒதுங்கினார்கள். மூத்தவரான பேஜிடம் பொறுப்பு வந்தது. தேர்தல் வழக்கை விசாரிக்க மூன்று நீதிபதிகளை நியமித்தவர் அவர். மேல்முறையீட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவர். 2009 ஜூன் 30 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து ஃப்ராங்கன் வென்றதாக அறிவித்தார்கள். வித்தியாசம் 312 வாக்குகள். கோல்மன் அன்றே தோல்வியை ஏற்றார்.

படிக்கத் தெரியாத ஆட்டப் புத்தகம்

வைக்கிங்ஸ் நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை பேஜ் அடிக்கடி குறிப்பிடுவார். தற்காப்பு வரிசைக்காரர்கள் கூடியிருந்த அறையில், ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகத்தை ஒவ்வொருவரும் உரக்கப் படிக்கும்படி பயிற்சியாளர் சொன்னார். முறை வந்தபோது சிலரால் படிக்க முடியவில்லை. எல்லாரும் கல்லூரி வழியாக வந்தவர்கள். ஆட்டத் திறமைக்காகப் பள்ளியும் கல்லூரியும் அவர்களை வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டிருந்தன என்பதை அந்த அறையில்தான் அவர் கண்டார்.

1988இல் கேன்டன் புகழ்மண்டபத்தில், தம்மை அறிமுகம் செய்ய அவர் அழைத்தது எந்தப் பயிற்சியாளரையும் அன்று. மினியாபொலிஸ் நகரப் பள்ளி ஒன்றின் முதல்வரான வில்லரீன் பீஸ்லியை அழைத்தார். தம் ஏற்புரையில் கல்வியைப் பற்றியே பேசினார். அதே ஆண்டில் பேஜ் தம்பதியர் தொடங்கிய கல்வி அறக்கட்டளை, வெள்ளையர் அல்லாத மினசோட்டா மாணவர்களின் மேற்படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. ஒரு நிபந்தனை உண்டு: தொகை பெறுபவர் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய படிப்புக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

2017இல் மினியாபொலிஸில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு, மாணவர்களே முன்னின்று நடத்திய முயற்சிக்குப் பின், நீதிபதி பேஜின் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு முன் அப்பள்ளி தாங்கியிருந்த பெயர் அலெக்சாண்டர் ராம்சே. டகோட்டா பழங்குடி மக்களை மாநிலத்திலிருந்தே ஒழிக்க வேண்டும் என்று 1862இல் பேசிய ஆளுநர் அவர். 2018 ஜனவரியில் பேஜும் டயேனும் பல ஆண்டுகள் சேகரித்திருந்த பொருள்கள், அடிமைக் காலத்திலிருந்து பிரிவினைக் காலம் வரையிலானவை, மினியாபொலிஸ் நூலகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கருப்பினத்தவருக்கென்று தனியே ஒதுக்கிய இடத்தைச் சுட்டும் அறிவிப்புப் பலகையும், லிங்கன் இறந்தபோது ஏந்தப்பட்ட துக்கப் பதாகையும் அவற்றில் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் டயேன் புற்றுநோயால் இறந்தார். நவம்பரில் பேஜுக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே விழாவில் அதே பதக்கத்தைப் பெற்றவர்களில் ரோஜர் ஸ்டாபாக்கும் ஒருவர்.

2020இல் பேஜும், மினியாபொலிஸ் மத்திய வங்கிக் கிளையின் தலைவரும் காஷ்மீரிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனுமான நீல் காஷ்காரியும் சேர்ந்து மினசோட்டா அரசமைப்பில் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார்கள். 1857இல் எழுதப்பட்ட வாசகம், சீரான பொதுப் பள்ளி முறையை ஏற்படுத்துவது சட்டமன்றத்தின் கடமை என்கிறது. கடமையைச் செய்தோமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் சட்டமன்றமே சொல்லிக்கொள்ளலாம். தரமான பொதுக் கல்வி ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை என்று அந்த இடத்தில் எழுத வேண்டும் என்பது இருவரின் கோரிக்கை. உரிமை என்று எழுதிவிட்டால், கிடைக்காத குழந்தையின் பெற்றோர் நீதிமன்றப் படியேறலாம். சீரான பொதுப் பள்ளி முறை என்ற பழைய சொற்களை எடுத்துவிட்டால் தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போக வழி திறக்கும் என்று மாநில ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போக வேண்டுமானால் முதலில் அதைச் சட்டமன்றம் நிறைவேற்றியாக வேண்டும்.